முதுகைக் காட்டி நின்றவள்

மாம்பலத்தில் தோப்புகளை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். நாங்கள் மயிலாப்பூரில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைவார். எங்கள் முதல் குழந்தை காய்ச்சலில் போய், நான் மறுபடி உண்டாகியிருந்தபோது ஒரு படத்தை முடித்துக் கூடத்தில் மாட்டினார்.

ஈர மணல். கறுத்துக் கிடக்கும் வானம். கடலைப் பார்த்தபடி, முகம் தெரியாமல், தனியாக ஒரு பெண். ஒரு கட்டுமரம் இல்லை, காக்கைகூட இல்லை. அலை அவள் கணுக்காலைத் தொட்டிருந்தது.

அவருடைய முதல் மனைவி, என் மூத்தாள், பிரசவத்தில் இறந்தவள். படத்தைப் பார்த்ததுமே, இது அவள்தான், என்னையும் கூப்பிடுகிறாள் என்று மனதில் விழுந்துவிட்டது. விளக்கேற்றப் போகும்போது அந்தச் சுவரைப் பார்க்க மாட்டேன். தாண்டிய பிறகு முதுகு கூசும். சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஒரு மழை நாள் சாயங்காலம் காற்றில் படம் சுவரில் மோதித் தடதடத்தது. கையிலிருந்த விளக்கைப் போட்டுவிட்டு அலறினேன். அவர் ஓடி வந்தார்.

"அதைக் கழட்டுங்கோ! உங்க மூத்தவ என்னைக் கூப்பிடறா!"

அவர் முகம் வெளிறியது.

"அவ இல்லைடி. அது நீ."

"நானா?"

"குழந்தை போனப்புறம் ஒருநாள் யார்கிட்டயும் சொல்லாம சாந்தோம் கடற்கரைக்குப் போனியே, நான் பின்னாடியே வந்தேன். தண்ணில கால வெச்சுண்டு நின்னே. கூப்பிட்டா உள்ள போயிடுவியோன்னு பயம். கூப்பிடாம நிக்கறதும் பயம். வரைஞ்சா அந்த பயம் விட்டுடும்னு நெனச்சேன். விடலை."

அன்று உள்ளே போகத்தான் நின்றேனா, எனக்கே தெரியாது. கால் தானாகத் திரும்பியது, வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்றே நினைத்திருந்தேன். இத்தனை நாள் நான் நடுங்கியது படத்தில் இருந்த இவருடைய நடுக்கத்தைப் பார்த்துத்தான்.

அன்றே படத்தைக் கழற்றிப் பரணில் போட்டார். எனக்கு நல்லபடியாகப் பெண் பிறந்தாள். ஆனாலும் நான் கோயிலுக்குக் கிளம்பினால்கூட அவர் செருப்பை மாட்டிக்கொள்வார்.

"நானும் வரேன்."

வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.