திரும்பி வரச்சொல்லி அனுப்பிய செய்தி

நேசமலர் அன்ரி வெள்ளவத்தையில் வீட்டிலேயே சமைத்து விற்கிறவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கணவர் வேலை செய்த கந்தோரில் நாலு பேருக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்துத் தொடங்கியது. பிறகு பிறந்தநாள் சமையல் வந்தது, செத்தவீட்டில் எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் சமையல் வந்தது. விளம்பரம் என்று ஒன்று அவருக்குத் தேவைப்பட்டதில்லை. போன வருடம் அதே ஒழுங்கையில் இரண்டு புதுச் சமையல்காரர் வந்தார்கள். இருவருக்கும் பேஸ்புக் பக்கம் இருந்தது. அன்ரியின் வெள்ளிக்கிழமை மரக்கறிப் பார்சல் எண்பதிலிருந்து முப்பதுக்கு இறங்கியது.

நான் கொட்டாஞ்சேனை. அப்பா துறைமுகத்தில் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான்தான். சந்தைப்படுத்தல் படித்துவிட்டு ஏழு மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். அன்ரிக்கு ஒரு பேஸ்புக் பக்கம் நடத்தித் தருகிறேன் என்று நானே போய்க் கேட்டேன்.

முதல் விளம்பரத்தில் ஊர் குறிக்காமல், யாழ்ப்பாணச் சாப்பாடு பிடித்தவர்கள் என்று மட்டும் போட்டேன். முந்நூறு லைக் வந்தது. பாதி ரொறன்ரோவிலிருந்து.

"பிளேன் ஏறி வந்தோ பிள்ளை பார்சல் எடுக்கப்போகினம்?" என்றார் அன்ரி.

அடுத்த முறை வெள்ளவத்தையும் பக்கத்திலுள்ள கிருலப்பனை, கல்கிசையும் மட்டும் குறித்தேன். இருபத்தாறு புது ஆட்கள் வாங்கினார்கள். அதில் ஐந்து பேர்தான் இரண்டாம் முறை வந்தார்கள். புது ஆளைப் பிடிக்கிற செலவைவிடப் பழைய ஆளை வைத்திருக்கிற செலவு குறைவு என்று படித்திருக்கிறேன். அதனால் அன்ரியின் போனில் நாலு கிழமையாக ஓடர் தராத இலக்கங்களைப் பிரித்து எடுத்தேன். அறுபத்துநாலு. ஒரு திங்கட்கிழமை காலை, ஒவ்வொருவர் பெயரையும் போட்டு, அன்ரியின் போனிலிருந்தே திரும்பி வரச்சொல்லி ஒரு செய்தி அனுப்பினேன்.

அரை மணித்தியாலத்தில் போன் அடித்தது. அன்ரி எடுத்துக் கேட்டார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கமலவேணி அக்காவுக்கு என்ன அனுப்பினனீ?"

கமலவேணி கிருலப்பனைக்காரர். வெள்ளிதோறும் பார்சல் வாங்கியவர். இறந்து இருபத்தெட்டு நாள். எட்டுச் சமையலை அன்ரிதான் செய்தார். ஆனால் அந்த ஓடர் கணவர் சாந்தகுமாரின் இலக்கத்திலிருந்து வந்தது. மனைவியின் இலக்கம் என் கணக்கில் வாங்காமல் விட்ட வாடிக்கையாளர். வருகிற வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள் கிரியை. நூற்றிருபது பேருக்குச் சமையல். அந்த ஓடரும் அன்ரியிடம்தான் இருந்தது. மூன்று மாதத்தில் கிடைத்த ஆகப் பெரிய ஓடர் அது.

கிருலப்பனைக்குப் போகிற ஓட்டோவில் அன்ரி சொன்னார். "செத்தவீட்டில போயிட்டு வாறன் எண்டே சொல்லிறேல்ல. நீ செத்த மனுசியைத் திரும்பி வரச் சொல்லியிருக்கிறாய்."

கமலவேணியின் வீடு மூன்றாம் மாடி. கதவைத் திறந்த மகள் சுபோதினி எங்களை இருக்கச் சொல்லவில்லை. கையில் தாயின் போன்.

"ஆக்கள் இன்னும் கோல் எடுப்பினம் எண்டுதான் நிப்பாட்டாமல் வச்சிருக்கிறம்," என்றவர், திரையைப் பார்த்து வாசித்தார். "கமலவேணி அக்கா, கன நாளா உங்களைக் காணேல்லையே! உங்கட பார்சல் உங்களுக்காகக் காத்திருக்குது. திரும்பி வாங்கோ, பத்து வீதம் கழிவு."

அதற்குப் பிறகு நான் போட்டிருந்த சிரித்த முகத்தை அவர் வாசிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அன்ரி வாய் திறக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, நான்தான் அனுப்பினனான். ஆர் வாங்கேல்லை எண்டு மட்டும் பார்த்தன். ஏன் வாங்கேல்லை எண்டு பார்க்கேல்லை."

"எத்தினை பேருக்கு அனுப்பினனீர்?"

"அறுபத்துநாலு."

"அதில இன்னும் எத்தினை பேர் உயிரோட இல்லை?"

எனக்குத் தெரியவில்லை. அன்ரியைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை என்பதை அந்த முகத்தில் கண்டேன். பயமாக இருந்தது.

"முப்பத்தொண்டுக்கு நீங்கள் சமைக்க வேண்டாம்," என்றார் சுபோதினி.

"சரி பிள்ளை," என்றார் அன்ரி. வாதாடவில்லை. பழியை என்மேல் போடவுமில்லை. செருப்பைப் போடக் குனிந்தார்.

உள்ளே இருந்து சாந்தகுமாரின் குரல் வந்தது. "மூண்டு நாளில நூற்றிருபது பேருக்கு ஆரைப் பிடிக்கப்போறாய்? நீ சமைப்பியோ?"

"அப்பா, நீங்கள் சும்மா இருங்கோ."

"சும்மாதான் இருக்கிறன். கொம்மாவுக்கு இவவின்ர கைச்சாப்பாடுதான் பிடிக்கும். வேற ஆரும் சமைச்சு அவவுக்குப் படைக்க நான் விடமாட்டன்."

சுபோதினி போனை மேசையில் வைத்தார். அன்ரி ஒரு செருப்போடு நின்றார்.

"பதினொரு மணிக்கு முன்னம் சாப்பாடு வரவேணும்," என்றார் சுபோதினி. "இந்தப் பிள்ளை வரக்கூடாது."

வியாழக்கிழமை நான் கொட்டாஞ்சேனையிலேயே இருந்தேன். மிச்சம் அறுபத்துமூன்று பேருக்கும் என் போனிலிருந்து கோல் எடுக்கத் தொடங்கினேன். பேசப்போவது வாடிக்கையாளரா, செத்துப்போனவரின் வீட்டாரா என்று தெரியாது.

முதல் இலக்கம். கன நேரம் அடித்து, ஒரு ஆண் குரல் வந்தது.

"என்ன விக்கப்போறியள்?"

"ஒண்டும் இல்லை ஐயா. நேசமலர் அன்ரி வீட்டிலயிருந்து. கொஞ்ச நாளா நீங்கள் சாப்பாடு எடுக்கேல்லை. ஏனெண்டு கேக்கத்தான்."

"பல்லுக் கழட்டிப்போட்டன் பிள்ளை. ஒரு மாசமாக் கஞ்சிதான்."

நான் மூச்சை விட்டேன். அதை அவர் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டு, இரண்டாம் இலக்கத்தை அழுத்தினேன்.