ஒன்றும் தெரியாதவருக்கு ஒரு நாற்காலி

சட்டைக் காலர்களைப் பார்த்து முடித்த பிறகுதான் லாண்டரிக்காரர் வேதத்தைக் கேட்பார். "தலைவர் சார், இன்னிக்கும் ஈரம் காயாம இஸ்திரி போட்டிருக்கீங்க. நம்ம கடை எதிர்லதானே இருக்கு?" என்று ஒரு குத்து. பிறகு கண்ணை மூடி, இடது காது மடலை இழுத்து விட்டுக்கொண்டு, "ம், படிங்க" என்பார். நாலு மொழிகளைக் கரைத்துக் குடித்த தலைவர் பள்ளிப்பிள்ளை மாதிரி படிப்பார்.

பைபிளைப் புதிதாக மொழிபெயர்க்கும் குழு எங்களுடையது. நான் அதன் எழுத்தர். இந்தப் புத்தகத்தின் கதையே கொஞ்சம் கூத்துதான். முன்னூறு வருஷத்துக்கு முன் தமிழில் முதன்முதலாக அச்சிட்டபோது, அச்செழுத்து வார்க்க ஈயம் போதாமல், பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. எங்கள் பங்குக்கு லாண்டரிக்காரர். மொழிபெயர்த்ததை பைபிளே தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, "என்ன புரிஞ்சுது?" என்று கேட்பது முறை. அவருக்குப் புரியாதது அச்சுக்குப் போகாது. ஒன்றும் தெரியாதவருக்கு மெத்தை நாற்காலியும் இரண்டு வேளை டீயும் தரும் அலுவலகங்கள் எத்தனையோ இருக்கின்றன. அதை வாய்விட்டு ஒப்புக்கொண்டது நாங்கள் மட்டும்தான்.

வேலைக்கு ஒரே நிபந்தனை, வேறெங்கும் பைபிளைப் படிக்கவோ கேட்கவோ கூடாது. தெருவில் யாராவது துண்டுப் பிரசுரம் நீட்டினால் இரண்டடி பின்னால் குதிப்பார். "வேணாம் சார், படிச்சா என் வேலை போயிடும்!"

மொழிபெயர்ப்பு வரிசையாக நடப்பதில்லை என்பதில் அவருக்குத் தீராத ஆத்திரம். "வெள்ளம் வடிஞ்சதைப் போன வருஷம் சொன்னாங்க தம்பி. மழை பெஞ்சதை இந்த வருஷம் சொல்றாங்க. படிச்சவங்க செய்ற வேலையா இது?" என்று என்னிடம் பொருமுவார்.

ஒருமுறை, "அவன் உள்ளம் விசனத்தால் நிரம்பிற்று" என்று தலைவர் உருகி உருகிப் படித்தார். "நிரம்பிடுச்சா? யாரு, சாப்பிட்டு முடிச்சுட்டானா?" என்றார் இவர். ஆறு மாத உழைப்பு அங்கேயே படுத்துவிட்டது. "அவன் மிகவும் வருந்தினான்" என்றுதான் இப்போது அச்சில் இருக்கிறது. முகப்பில் எல்லா அறிஞர்களின் பெயரும் வரும். லாண்டரிக்காரர் பெயர் வராது.

நேற்று மதியம் மனிதர் காலர்களைப் பார்க்கவில்லை. தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டேன். மகள் பஸ் நிலையத்தில் இருக்கிறாளாம். நாலு வருஷத்துக்கு முன்னால் பிடித்தவனோடு போனவள். கைக்குழந்தையோடு எங்கேயோ போகிற வழியில், நாலு மணி பஸ் வரைக்கும் காத்திருப்பதாக அம்மாவுக்கு போன் செய்திருக்கிறாள்.

"போய்ப் பாருங்களேன்" என்றேன்.

"நானா? அவ வீட்டை விட்டுப் போனா, நான் அவ பின்னாடி போகணுமா? நல்லா இருக்கே! வேணும்னா அவ வரட்டும் தம்பி. பெத்தவனுக்கும் ஒரு மரியாதை இருக்குல்ல."

மூன்றரை மணிக்குத் தலைவர் அன்றைய பகுதியைப் படித்தார். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன மகன், எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறான். தூரத்தில் வரும்போதே அப்பா பார்த்துவிடுகிறார். "தகப்பன் அவனை எதிர்கொண்டு சென்றான்."

"என்ன புரிஞ்சுது?"

"பெரிய மனுஷன். நிதானமா நடந்து போனாரு."

தலைவர் முகத்தில் வெற்றி. "மூலத்துல ஓடினான்னுதான் இருக்கு" என்றார் குழுவில் இருந்த கிரேக்கப் பேராசிரியை. மூன்று வாரமாக இதே சண்டை. அந்தக் காலத்துச் சொத்துக்காரர் தெருவில் ஓடமாட்டார், வாசகர்கள் சிரிப்பார்கள் என்பது தலைவர் கட்சி. வேறொரு மொழியில் பல நூறு வருஷம் அந்தத் தகப்பனை ஓடவே விடவில்லையாம், அதையும் ஆதாரமாக நீட்டினார்.

லாண்டரிக்காரர் கண்ணைத் திறந்தார். "ஓடினவரை ஏன் சார் நடக்க விட்டீங்க?"

"ஒரு மரியாதைக்குத்தான்."

"என்ன சார் பெரிய மரியாதை? இவரு ஆடி அசைஞ்சு போய்ச் சேர்றதுக்குள்ள, புள்ள மனசு மாறித் திரும்பிப் போயிட்டா?"

அவர் கை காது மடலுக்குப் போகவில்லை. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது.

"இன்னும் நாலு வசனம் இருக்கு" என்றார் தலைவர், எழுந்தவரிடம்.

அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார். நான் ஜன்னலுக்குப் போனேன். முட்டி வலிக்கிறதென்று மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று ஏறுகிற மனிதர், செருப்பை மாட்டக்கூடப் பொறுமையில்லாமல் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க, வயிறு குலுங்க, பஸ் நிலையத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.