தம் கட்டாமல் எண்ணப் பழகினேன்

லாரியில் சாத்தியிருந்த பலகையில் பாதி ஏறியிருந்தேன். முதுகில் நெல் மூட்டை, எழுபத்தைந்து கிலோ. இடது தாடையில் பல்வலி போல ஒன்று கிளம்பித் தோளுக்கு இறங்கியது. வியர்வை கண்ணை மறைத்தபோதுதான் அது மார்கழிக் காலை என்பது நினைவுக்கு வந்தது. மூட்டை கை நழுவி விழுந்து வாய் பிரிந்தது.

திண்டிவனத்து மண்டியில் இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கியவன் நான். அதற்கு முன் ஒன்றைக்கூடக் கீழே விட்டதில்லை. வலியைவிட, சிதறிய நெல்லை எல்லோரும் பார்த்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. "பல்லு வலி மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு நெல்லை அள்ள உட்கார்ந்தேன். எங்கள் மேஸ்திரி ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார்.

"பல்லு வலிக்கு எவனுக்குடா இப்படி வேர்த்துக் கொட்டும்? ஏறு வண்டில."

அவர் அன்று அப்படிச் சொல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை.

விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாயில் அடைப்பு எங்கே என்று பார்க்கும் படம்) எடுத்து, ஒரு ஸ்டென்ட் (குழாய் மறுபடி மூடிவிடாமல் தாங்கும் சிறு கம்பி வலை) வைத்தார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். புரியாததைக் கேட்கக் கூச்சம். என் மனைவி வசந்தாதான் எல்லாவற்றையும் கேட்டு எனக்குச் சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னிடமே கேட்டார். "இனிமே நீங்க என்ன செய்யணும்னு ஆசப்படுறீங்க?"

"மூட்ட தூக்கணும்ங்க."

"அத இப்ப சொல்ல முடியாது. மொதல்ல இதயம் பழகணும். பயிற்சிய தனியா செஞ்சா பத்து நாள்ல விட்டுடுவீங்க. நாலு பேரோட சேர்ந்து செய்ற வகுப்புல சேருங்க. இங்கயே வாரம் ரெண்டு நாள் ஒண்ணு நடக்குது."

தலையாட்டினேன். ஆனால் அங்கே போகவில்லை. நோயாளிகளோடு வரிசையில் நிற்க மனம் வரவில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்காக நான் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் வீட்டைச் சுற்றி நடந்தேன். பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் மாலையில் நடக்கும் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பாட்டு வைத்து இருபது பேர் சேர்ந்து இரும்பு தூக்குவார்கள். எனக்கு ஏதாவது நோய் உண்டா என்று அந்தப் பயிற்சியாளர் கேட்கவில்லை, மாரடைப்பு வந்ததை நானும் சொல்லவில்லை. மற்றவர்கள் திணறிய இரும்பை ஒரே மூச்சில் தூக்கினேன். இரண்டு பேர் கை தட்டினார்கள். மூன்றாவது முறை தூக்கியபோது கண் இருட்டியது. சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். மறுநாள் போகவில்லை.

அடுத்து யோகா. அந்த ஆசிரியர் நல்லவர், முதலிலேயே உடம்பைப் பற்றி விசாரித்தார். இந்த முறை உண்மையைச் சொன்னேன். "நீங்க மூச்ச அடக்க வேண்டாம், சும்மா உட்காருங்க" என்றார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அடக்குவதைப் பார்த்ததும் நானும் அடக்கினேன். வகுப்பிலேயே அதிக நேரம் மூச்சை நிறுத்தியவன் நான்தான். எனக்குள் பெருமையாக இருந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வசந்தா இதைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"மூட்ட தூக்கும்போதும் இப்படித்தானா?"

"ஆமாங்க. தம் கட்டினாத்தான் பலக ஏற முடியும். ஒம்போது அடி, ஒரே தம்."

"அந்தப் பழக்கம்தான் உங்களுக்கு எதிரி" என்றார். தம் கட்டித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், ஆறிக்கொண்டிருக்கும் இதயம் அதைத் தாங்காது என்று விளக்கினார். எங்கள் தொழிலில் தம் கட்டத் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு. என் ஒரே திறமையை விடச் சொல்கிறார்களே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன்.

வேறு வழி தெரியாமல் அந்த வெள்ளிக்கிழமை, டாக்டரம்மா முதலில் சொன்ன விழுப்புரம் ஆஸ்பத்திரி வகுப்புக்கே போனேன். என்னைத் தவிரப் பன்னிரண்டு பேர், எல்லோரும் இதயத்தில் ஏதோ ஒன்று நடந்தவர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஒரு படி ஏறி இறங்குவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று நினைத்தேன். நடத்துபவர் பிசியோதெரபி (உடலியக்கப் பயிற்சி) படித்த இளம்பெண். அவர் போட்டிருந்த விதி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு அசைவையும் எல்லோரும் வாய்விட்டு எண்ண வேண்டும். எண்ண முடிந்தால் வேகம் சரி, மூச்சும் அடைபடவில்லை. எண்ண முடியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

நான் உதட்டை மட்டும் அசைத்தேன். எனக்குப் பக்கத்தில் மரக்காணத்திலிருந்து வரும் கன்னியம்மா, மீன் விற்பவர். அவர் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

"மேடம், இந்த அண்ணன் வாய்ல மல்லாட்டைய அடக்கி வெச்சிக்கினு கீறாரு. சத்தமே வர்ல." எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையைத்தான் மல்லாட்டை என்போம்.

மேடம் வந்து என் கழுத்தைப் பார்த்தார். நரம்பு புடைத்திருந்தது. "தம் கட்டுறீங்க. அடுத்த வாரம் நீங்கதான் முன்னாடி நின்னு எண்ணணும். மத்தவங்க உங்க பின்னால சொல்வாங்க."

அடுத்த வாரம் நான் போகவில்லை. காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"நெஞ்சு வலியே வந்துட்டுப் போயிடுச்சி. எண்றதுக்கு இன்னாய்யா வெக்கம்?" என்றாள் வசந்தா. "மேஸ்திரி இன்னும் உன் எடத்துல வேற ஆளப் போடல. எத்தினி நாளைக்கு வெச்சிருப்பாரு?"

அந்தக் கேள்வி உறைத்தது. மண்டியை விட்டால் எனக்குப் போக வேறு இடம் இல்லை. அடுத்த வகுப்புக்குப் போய் முன்னால் நின்றேன். பன்னிரண்டு முகங்கள். படியில் கால் வைத்து, மண்டியில் கேட்டுப் பழகியபடியே தொடங்கினேன்.

"லாபம்."

யாரும் பின்னால் சொல்லவில்லை. மேடம் விழித்தார். "என்ன லாபம்?"

எங்கள் மண்டியில் முதல் மூட்டையை ஒன்று என்று சொல்லமாட்டோம். லாபம் என்றுதான் தொடங்குவோம், பிறகு ரெண்டு, மூணு. எனக்குப் பதிலாகக் கன்னியம்மாதான் அதை விளக்கினார்.

"அதான் மேடம் முறை. நெல்லு அளக்கறவங்க அப்படித்தான் ஆரம்பிப்பாங்கோ. உயிரு பொழச்சி வந்துகீறோம், லாபம்தானே? நீ எண்ணுண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அடைத்திருந்த மூச்சு அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது. "லாபம், ரெண்டு, மூணு" என்று இருபது வரை போனேன். பன்னிரண்டு பேரும் பின்னால் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்த வகுப்பு லாபத்தில்தான் தொடங்குகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு மேடமே காரணம் சொல்லிக் கொடுக்கிறார்.

வகுப்பு தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் நோயைக் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்குப் போகாதீர்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே நன்றாக வருவதைச் செய்ய வைத்துக் கை தட்டும் வகுப்பு உங்களுக்கானது அல்ல. நான் பலம் தேடிப் போனேன். எனக்கு வேண்டியிருந்தது மூச்சு விடத் தெரிவது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒரு வகுப்பையும் விடவில்லை. கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: வேலைக்குப் போகலாம், பத்து கிலோ வரை தூக்கலாம், மூட்டையும் பலகையும் இனி வேண்டாம்.

நேராக மண்டிக்குப் போனேன். மேஸ்திரி எடை போடும் இடத்தில் நின்று, தானே எண்ணிக் கூவி, தொண்டை கட்டிப் போயிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலையை நானே வாய் திறந்து கேட்டேன்.

"மூட்ட இனி ஆவாது மேஸ்திரி. எட கூவற வேலைய எனக்குக் குடுங்க."

"நீயா? இருவது வருசத்துல உன் குரல ரெண்டு தபா கேட்டிருப்பேன். அதுல ஒண்ணு பல்லு வலின்னு பொய் சொன்னது."

ஆட்கள் சிரித்தார்கள். நான் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முதல் மூட்டை ஏறியது. "லாபம்" என்றேன். லாரி மேல் நின்றவன் திரும்பிப் பார்த்தான். மேஸ்திரி தராசை விட்டு விலகி டீ குடிக்கப் போனார். நான் எண்ணி முடிக்கும்வரை அவர் திரும்பி வரவில்லை.

இப்போது தினமும் நான்தான் கூவுகிறேன். புதுப் பையன்கள் பலகையில் உதட்டை இறுக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தால், "மூச்ச வுடு" என்று அதட்டுகிறேன்.

முன்பெல்லாம் எத்தனை பலகை ஏறினேன் என்பதுதான் என் ஒரு நாள் கணக்கு. மூச்சு நடுவில் வந்து போனதை நான் கவனித்ததே இல்லை. இப்போது ஒரு மூட்டை இறங்கி அடுத்தது வருவதற்குள் ஒரு மூச்சு இழுத்து விடுகிறேன். விலா விரிவதும் சுருங்குவதும் தெரிகிறது. ஒரு மூச்சுக்கு இவ்வளவு நேரம் இருந்திருக்கிறது. அந்த மூச்சை விட்டுவிட்டுத்தான் அடுத்த எண்ணைச் சொல்கிறேன்.