என் மகளை எங்கும் அனுப்பவில்லை

காலை பத்தே கால். குளியலறையிலிருந்து மகளைச் சக்கர நாற்காலிக்குத் தூக்கியபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் ஈரத் தரையில் சரிந்தோம். அவளுக்குப் பத்தொன்பது வயது, நடந்ததில்லை, பேசியதில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்து என்மேல் கிடந்தபடியே சிரித்தாள். லோரி ஓட்டும் கணவர் தொலைவில், செகிஞ்சான் ஊரில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் நான் கத்தியதைக் கேட்டு வரும்வரை அப்படியே கிடந்தோம்.

தப்பு என்னுடையதுதான், பாதி. அதற்கு முந்தைய மாதம் உதவியாள் கேட்டு மனு போட்டிருந்தேன். நலத்துறை அதிகாரி வருகிறார் என்றதும் வீட்டைக் கழுவி, மகளுக்குத் தீபாவளிச் சட்டை போட்டு, கேசரி கிண்டி வைத்தேன். வந்தவர்முன் வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டக்கூடாது என்றுதான் தோட்டத்து லயத்து வீட்டில் எங்களை வளர்த்தார்கள். கணவரின் அக்காவான அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதிகாரி கேட்டார், "சமாளிக்க முடியுதா?"

"ஒரு கொறையும் இல்ல சார்."

உதவி தேவையில்லை என்று எழுதிவிட்டார். அண்ணி எதிரில் வேறென்ன சொல்வேன்? என்னைத் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். அது அவருடைய பாதி.

விழுந்த பிறகு அண்ணி ஆரம்பித்தார். "ஹோம்ல விட்டுடு லா. ஒனக்கும் வயசாகுது."

"நீங்க டூர் போறப்ப நாயக் கொண்டுபோயி விடுறீங்களே, அந்த மாதிரியா அண்ணி?"

"வாய் மட்டும் கொறையல."

"இடுப்புதான் போச்சு. வாய் நல்லாத்தான் இருக்கு."

அன்றே நலத்துறைக்கு மறுபடி போன் செய்தேன். என் மகள் இந்த வீட்டில்தான் இருப்பாள், எனக்குத்தான் ஆள் வேண்டும் என்றேன். இம்முறை நான் கூட்டவில்லை, கழுவவில்லை. நனைந்த விரிப்பு தரையிலேயே கிடந்தது. பார்க்கட்டும்.

நலத்துறையிலிருந்து இளம்பெண் ஒருத்தி வந்தாள். நான் சுவரைப் பிடித்து நடப்பதைக் கவனித்தாள். கூடத்தில் மகளோடு கொஞ்சம் இருக்கும்படி அண்ணியிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டு, சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"பிள்ளையப் பத்தி அப்புறம் கேக்குறேன் அக்கா. மொதல்ல, நீங்க எப்படித் தூக்குவீங்கன்னு காட்டுங்க. சும்மா எம்மேல கைய மட்டும் வைங்க, என்னைத் தூக்கிடாதீங்க. இடுப்புக்கு வலிக்காம தூக்கச் சொல்லித் தர்றேன். வாரத்துல மூணு நாள் ஆள் வேணும்னு எழுதப் போறேன். நடுவுல 'சமாளிச்சிடுவேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க லா."