காலை எடுத்தால் நிற்காத வண்டி

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள் அவள். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே மோட்டார் மிஷின். நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கிளம்பியது ஆசையினால் அல்ல. கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தார். அதன் பிறகு அவருடைய தங்கைதான் தன் பழைய காரில் கூட்டிப்போய் வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்த நாத்தனாருக்கு அடுத்த வாரத் திங்களிலிருந்து வேலை நேரம் மாறுகிறது.

வாரத்துக்கு இரண்டு நாள் போதும், ஒன்றும் ஆகிவிடாது என்று கணவர் சொல்ல ஆரம்பித்திருந்தார். ஆகும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாதாம். வியாழக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். அதில் தோற்றால் அடுத்த தேதி ஒரு மாதம் கழித்துத்தான்.

நாத்தனாரே கற்றுக்கொடுத்தாள். வாய்க்கொழுப்பு இருந்தாலும் வஞ்சகம் இல்லாதவள். கியர் வந்துவிட்டது, வளைவு வந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. எதிரே ஒரு சைக்கிள் வந்தாலே போதும். உடனே இரண்டு கால்களையும் பெடல்களிலிருந்து தூக்கிவிடுவாள். சமதளத்தில் வண்டி குலுங்கி அணைந்துபோகும், அவ்வளவுதான்.

டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பு, திங்கட்கிழமை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலுள்ள ஏற்றத்தில் அது அவ்வளவோடு நிற்கவில்லை. பாதி ஏற்றத்தில் முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. இவள் காலைத் தூக்கினாள். வண்டி குலுங்கி அணைந்து பின்னால் உருளத் தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தால், ஒருத்தி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். நாத்தனார் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்த இழுப்பில் இருவரின் தலைகளும் சீட்டில் மோதின. குழந்தை வண்டிக்கு இரண்டு முழம் தள்ளி கார் நின்றது.

நாத்தனார் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஏன் அண்ணி இரண்டு காலையும் எடுத்தீங்க என்று மட்டும் கேட்டாள்.

"மிஷின்ல காலை எடுத்தாத்தானே நிக்கும்? நூல் சிக்கினா, விரல் உள்ள போனா, காலைத்தான் எடுப்போம்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது. ஆபத்து என்றால் காலை எடு என்று இருபத்திரண்டு வருடமாக உடம்பில் ஏறியிருந்தது.

"அண்ணி, இது காலை எடுத்தா நிக்காது, உருளும். மிதிச்சாத்தான் நிக்கும்."

மறுநாள் கம்பெனியில் ஒவ்வொரு காலரும் முடிந்ததும் வலது காலை மிஷின் பெடலிலிருந்து எடுத்து, காரில் பிரேக் இருக்கிற மாதிரி இடப்பக்கம் தரையில் ஓங்கி மிதித்தாள். காலர் முந்நூறு, மிதி முந்நூறு. எறும்பு கடிக்கிறதா என்று பக்கத்து மிஷின்காரி கேட்டாள். கரப்பான் பூச்சி என்று சொல்லிவைத்தாள். சூப்பர்வைசர் வந்து மேசைக்கடியில் குனிந்து தேடிவிட்டுப் போனார். புதனன்றும் அதே கூத்துதான்.

வியாழக்கிழமை ஏற்றத்தில் நிறுத்தச் சொன்னார் அதிகாரி. உள்ளங்கை வியர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது. வலது கால் பிரேக்கில் ஏறி மிதித்தது. இடது கால் கிளட்சை அழுத்தியது. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதிகாரி தாளில் எதையோ கிறுக்கிவிட்டு, சரி, பாஸ், போங்க என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலை நாத்தனாரின் காரில் கணவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தாள் அவள். பக்கத்தில் நாத்தனார் இல்லாமல் ஓட்டுவது இதுவே முதல் தடவை. பாலத்து ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. பின்னால் ஒரு லாரி முட்டுகிற மாதிரி வந்து நின்றது. பச்சை விழுந்ததும் கிளட்சை அவசரமாக விட்டாள். எஞ்சின் அணைந்துபோனது. பிரேக்கிலிருந்து காலை மட்டும் எடுக்கவில்லை. லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். அவள் கண்ணில் நீர் முட்டியது. கணவர் கதவுப் பிடியைத் தொடவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினாள். இரண்டாம் முறை வண்டி ஏறியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அடுத்த மாத அட்டவணையோடு வந்தார். போன வாரம் வாரத்துக்கு இரண்டு நாள் என்று நீங்கள் எழுதச் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கணவரிடம் கேட்டார். தனக்குத் தெரியாமல் இது நடந்திருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கோபத்தோடு கணவர் பக்கம் திரும்பினாள்.

கணவர் அவளைப் பார்க்காமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"அதை அடிச்சிடுங்கம்மா. மூணு நாளே போடுங்க. இவ கூட்டிட்டு வருவா."