கத்துகிற கார்

பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வந்ததும், பெரம்பலூர் கல்லூரிக்குக் காரில் போகிறேன் என்றாள் மகள். எங்கள் அரியலூர் பக்கம் சிமெண்ட் லாரிகள் வருகிற வரத்துக்கு, பழைய காரானாலும் பத்திரமானதாக வேண்டுமே! தேடித் தேடி லப்பைக்குடிகாட்டில் ஒன்று கிடைத்தது. ஏர்பேக் இருந்தது, விலையும் கைக்கு எட்டியது.

மகள் ஓட்டிப் பார்த்தாள். நான் பக்கத்தில், விற்கிற அம்மா பின்னால். கிளம்பியதுமே கார் 'பீங் பீங்' என்று கத்தியது.

"வயரிங் கோளாறு. இது வேணாம் பாப்பா" என்றேன்.

பின்னால் சிரிப்பு. "கோளாறு இல்லண்ணே, நீங்க பெல்ட் போடல. எங்க வூட்டுக்காரரு துபாய்ல. அவருக்குப் பதிலா இதுதான் என்னைய அதட்டும்!"

இவ்வளவுதானா என்று, பெல்ட்டை என் முதுகுக்குப் பின்னால் இழுத்து மாட்டினேன். சத்தம் நின்றது. காரும் நின்றது. மகள் ஓரங்கட்டிவிட்டாள்.

"காரை ஏமாத்திட்டீங்க. எதிர்ல வர்ற லாரியை எப்படிப்பா ஏமாத்துவீங்க?"

பேச்சில் என்னை மடக்க ஆளில்லை என்றிருந்த நான், பெல்ட்டை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, "இந்தக் காரே இருக்கட்டும்மா" என்றேன்.

இப்போது தினமும் காலையில் வாசலில் நிற்கிறேன். கார் கத்தி அடங்கிய பிறகுதான் டாட்டா காட்டுகிறேன்.