சட்டனில் இறங்கிய பன்றி

என் தந்தையை எண்ணி நான் முதன்முதலாக வெட்கப்பட்டது ஒரு பன்றியால். அதுவும் இல்லாத ஒரு பன்றியால்.

அப்பா வன்னியில் வளர்ந்தவர். இளவயதில் கச்சான் கடலைத் தோட்டத்தில் பன்றிக்குக் காவலிருந்த பழக்கம், சட்டன் என்ற ஆங்கிலேய ஊருக்குக் குடிவந்த பின்னும் அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் காட்டுப்பாதைகளில் நடத்திச் செல்வார். ஈரமண்ணில் பிளவுபட்ட குளம்படி எதைக் கண்டாலும் குந்திவிடுவார்.

"இது மான். பண்டியெண்டால் குளம்புக்குப் பின்னாலை, ரெண்டு பக்கமும் சின்னக் குத்து விழும்."

இந்த நாட்டிலும் காட்டுப்பன்றி உண்டு, என்றாவது இந்தப் பக்கம் வரும் என்பது அவர் கட்சி. பன்றி வரவில்லை, அம்மாவின் தம்பியான மாமாவின் கேலிதான் வாராவாரம் வந்தது. "என்ன அத்தான், இண்டைக்கும் பண்டி லீவோ?" அம்மா சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார். எனக்குத்தான் சிரிக்க வராது.

ஆகவே ஒரு பன்றியை நானே வரவழைத்தேன். உருளைக்கிழங்கை வெட்டி அச்சுப் பதிக்கப் பள்ளியில் கற்றுத் தந்திருந்தார்கள். கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்திருந்த எங்கள் தோட்டத் துண்டில், மழை விட்ட ஒரு மாலை, அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருக்கையில், வெங்காயப் பாத்தி நெடுகக் குளம்படிகளைப் பதித்தேன். கிழங்கை உரக்குவியலில் எறிந்தேன். பின்னால் விழவேண்டிய குத்துகள் என் நினைவிலேயே இல்லை.

மறுநாள் அப்பா எங்களுக்கு முன்பே தோட்டத்துக்குப் போயிருந்தார். மாமாவோடு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாத்தியருகே நின்று, "பண்டி வந்திருக்கு" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வோர் அடியின் பின்னாலும் இரண்டு குத்துகள், கச்சிதமாக. நான் வைக்காதவை. உண்மையான பன்றியே வந்து என் பொய்யின்மேல் நடந்துபோயிற்று என்று ஒரு கணம் நம்பினேன்.

மாமா குனிந்தார். குத்துகளின் விளிம்பில் பிறைபோல் ஒரு கீறல்.

"அத்தான், இந்தப் பண்டிக்கு நகம் இருக்கு! எங்கை, உங்கடை விரலைக் காட்டுங்கோ பாப்பம்."

அப்பாவின் சுட்டுவிரல் நகத்தில் கறுத்த மண்.

"என்ன செய்யிறது? வராத பண்டியை நான்தானே கூட்டிவரவேணும்" என்றார் அவர்.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துத் துண்டுக்காரருக்கும் அதை ஆங்கிலத்தில் விளக்கினார். அன்றிலிருந்து உறவினர் நடுவே அப்பாவின் பெயர் 'பண்டியர்' ஆயிற்று.

நான் செய்தது அன்பு, அவர் செய்தது ஏமாற்று என்று அந்த வயதின் நீதி தீர்ப்பளித்தது. முகம் எரிய விலகி நின்றேன். அடுத்த ஞாயிறு, கால் நோகிறது என்று நடைக்குப் போக மறுத்தேன். "ஓம் பிள்ளை, நீ இரு" என்றுவிட்டுத் தனியே போனார். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

பின்குத்து இல்லாத அடிகளை மாமா கண்டிருந்தால் அந்தச் சிரிப்பு யார் பக்கம் திரும்பியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. மாமா சிரித்த அந்த நாளில் வீடு திரும்புமுன், யாரும் கண்டுவிடக் கூடாதே என்று, உரக்குவியலில் என் கிழங்கைத் தேடினேன். அது அங்கே இல்லை. நரி தூக்கிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.